மருந்துத் தெளிப்பானுக்கு லித்தியம் பேட்டரி: எந்த செல் வாங்குவது?

பாலக்கோட்டு விவசாயி
திங்கள், இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். பாலக்கோடு பக்கம் இரண்டரை ஏக்கரில் தக்காளியும் கொஞ்சம் சாமந்தியும் போட்டிருக்கிறோம். முதுகில் மாட்டும் 16 லிட்டர் பேட்டரி தெளிப்பான் இரண்டு இருக்கின்றன. இரண்டிலும் கம்பெனி கொடுத்தது 12 வோல்ட், 8 ஆம்பியர் மணி ஈய அமில பேட்டரி. ஒரு பருவம் ஒழுங்காக ஓடுகிறது. அடுத்த பருவத்தில் நாலைந்து டேங்க் அடிப்பதற்குள் மோட்டார் முனகத் தொடங்கிவிடுகிறது. ஊசிப்புழு இறங்கும் நேரத்தில்தான் சரியாக மக்கர் செய்கிறது.

லித்தியம் செல் வாங்கி நாமே கட்டிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். இணையத்தில் ஒருவர் 18650 செல் ஒவ்வொன்றும் 9800 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி) என்று மலிவாகக் கொடுக்கிறார். தெரிந்த எலக்ட்ரீசியன் ஒருவர் 32700 என்ற பெரிய செல்லை வாங்கு என்கிறார். அது 6000 எம்ஏஎச்தான், விலையும் கூடுதல். 9800 இருக்கும்போது 6000 எதற்கு என்பது என் கேள்வி. மல்டிமீட்டரும் சால்டரிங் அயனும் இருக்கின்றன. ஸ்பாட் வெல்டிங் கருவி இல்லை.

*

பென்னாகரத்தான்
திங்கள், இரவு 9.32

அந்த 9800 செல்லைத் தொடாதீர்கள் தம்பி. 18650 என்றால் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் உயரம். அந்த உருளைக்குள் பானாசோனிக், சாம்சங், எல்ஜி போன்றவர்கள் அடைக்க முடிந்ததே 3400, 3500 எம்ஏஎச்தான். மேலே சுற்றியிருக்கும் உறையில் 9800 என்று அச்சடிக்க எவ்வளவு செலவாகும்? கையில் கிடைத்தால் நகைக்கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். நல்ல 18650 செல் 45 கிராமுக்குக் குறையாது. 30 கிராம் காட்டினால் உள்ளே பாதிக்கு மேல் வெற்றிடம்.

*

ஓசூர் பட்டறை
திங்கள், இரவு 10.15

பென்னாகரத்து அண்ணன் சொன்னது போலியைப் பற்றி. அசல் 18650 கிடைத்தாலும் இந்த வேலைக்கு நான் அதைப் போடமாட்டேன். காரணம் கொள்ளளவு அல்ல, மின்னழுத்தம்.

18650 வகையில் சாதாரணமாகக் கிடைப்பது நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த என்எம்சி அல்லது அதன் உறவுக்காரச் செல்கள். ஒரு செல் முழுக்க ஏறினால் 4.2 வோல்ட், காலியாகும்போது 3 வோல்ட் அல்லது அதற்கும் கீழே. மூன்றைத் தொடர் இணைப்பில் போட்டால் முழுதாக 12.6, இறுதியில் 9. உங்கள் மோட்டார் 12 வோல்ட்டுக்குச் செய்தது. பேட்டரி பாதி இறங்கும்போதே தெளிப்பின் அழுத்தம் குறையும். நாசிலில் பனி போல் வரவேண்டிய மருந்து சொட்டாக விழும். சரி, நான்கு போடலாமே என்றால் முழு சார்ஜில் 16.8 வோல்ட். பம்ப் கொஞ்ச நாள் பாய்ந்து அடிக்கும், பிறகு சூடேறிப் போய்விடும்.

எல்எஃப்பி என்கிற லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லின் சராசரி அழுத்தம் 3.2 வோல்ட், முழு சார்ஜ் 3.65. நான்கைத் தொடராகப் போட்டால் 12.8. சார்ஜ் ஏறிய பிறகு பெரும்பகுதி நேரம் 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கும், கடைசியில்தான் மடமடவென்று இறங்கும். 12 வோல்ட் ஈய பேட்டரி இருந்த இடத்தில் உட்கார இதைவிடப் பொருத்தமான செல் கிடையாது. 32700 வகையில் கிடைப்பது பெரும்பாலும் இந்த வேதியியல்தான். எலக்ட்ரீசியன் சரியாகவே சொல்லியிருக்கிறார்.

எடையையும் பாருங்கள். 32700 ஒன்று ஏறக்குறைய 140 கிராம். நான்கும் சேர்த்து 600 கிராம்கூட வராது. உங்கள் ஈய பேட்டரி இரண்டு கிலோவுக்கு மேல். 16 லிட்டர் மருந்தோடு வரப்பில் நடக்கிறவருக்கு அந்த வித்தியாசம் தோளில் தெரியும்.

*

கிருஷ்ணகிரி பழைய இரும்பு
செவ்வாய், காலை 6.48

எல்லோரும் புதுசு புதுசு என்கிறீர்கள். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் பழைய லேப்டாப் பேட்டரிகளை எடைக்குப் போடுகிறார்கள். ஒவ்வொன்றையும் உடைத்தால் ஆறு அசல் 18650 செல். பழுதானது ஒன்றிரண்டு இருக்கும், மீதி நன்றாகவே இருக்கும். என் கடை விளக்கும் மின்விசிறியும் அப்படிக் கட்டிய பேட்டரியில்தான் ஓடுகின்றன. விபத்துக்குள்ளான மின்சார ஸ்கூட்டர் பேட்டரியும் சில நேரம் வரும். நம் மாவட்டத்திலேயே மின்சார ஸ்கூட்டர் செய்கிறார்கள், ஓலாவின் செல் ஆலையும் இங்கேதான் இருக்கிறது. செல்லுக்கு நமக்கா பஞ்சம்?

*

ஊத்தங்கரை இயற்பியல் ஆசிரியை
செவ்வாய், மாலை 5.20

பழைய இரும்பு அண்ணா, ஆலை பக்கத்தில் இருப்பதால் செல் நம் கைக்கு வந்துவிடாது. அங்கே உருவாவது 4680, 46 மில்லிமீட்டர் விட்டமுள்ளது. அவர்கள் வண்டிக்கென்று செய்வது.

லேப்டாப் செல்லைப் பற்றி என் கவலை வேறு. கடையில் நிலையாக இருக்கும் விளக்குக்கு, பொறுமையாகச் சோதித்துப் பொறுக்கிப் போட்டால் ஓடும், மறுக்கவில்லை. ஆனால் பல மாதம் கிடந்து 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய செல்லைத் தட்டி எழுப்பிப் பயன்படுத்தக் கூடாது. அந்த நிலையில் எதிர்மின்வாய்ப் பக்கமுள்ள தாமிரத் தகடு கரையத் தொடங்கியிருக்கலாம். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது கரைந்த தாமிரம் வேண்டாத இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே குறுக்குச் சுற்று ஏற்படுத்தலாம். வெளியே பார்த்தால் மல்டிமீட்டரில் 4.1 காட்டும், நல்ல செல் என்று நினைப்போம். அதனால்தான் சோதிப்பவர்கள் முழுதாக ஏற்றி இரண்டு வாரம் சும்மா வைத்து, அழுத்தம் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்கள்.

தெளிப்பான் ஒருவர் முதுகோடு ஒட்டியிருக்கும் பொருள். அந்த இடத்தில் வரலாறு தெரியாத செல் வேண்டாம் என்பேன். எல்எஃப்பியில் ஆக்சிஜன் பாஸ்பரசோடு இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது. சூடேறினாலும் என்எம்சி போல எளிதில் ஆக்சிஜனை விடாது. அதற்காக எரியவே எரியாது என்று பொருளில்லை. உள்ளே இருக்கும் மின்பகு திரவம் எரியக்கூடியதுதான். குறுக்குச் சுற்று ஆனால் கம்பி பழுத்துவிடும்.

இடையில் ஒன்று. இந்த இரும்பு பாஸ்பேட் செல்லுக்கான நேர்மின்வாய்ப் பொருளை 1997-இல் வெளியிட்டது அமெரிக்க விஞ்ஞானி ஜான் குட்எனஃபின் குழு. அதற்குச் சுமார் 10 ஆண்டுகளுக்கு முன்பே இப்படிப்பட்ட கூட்டயனி (பல அணுக்கள் சேர்ந்த அயனி) சேர்மங்களை அவரோடு சேர்ந்து ஆராய்ந்தவர் நம் ஊர்க்காரர் ஆறுமுகம் மந்திரம். தென்தமிழகத்தில் அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்து மதுரையில் படித்தவர். 2019-இல் குட்எனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரை ஆற்றியதும் இவர்தான். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

*

பாலக்கோட்டு விவசாயி
செவ்வாய், இரவு 8.40

சரி டீச்சர், எல்எஃப்பி என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் 8 ஆம்பியர் மணி இருந்த இடத்தில் 6 போட்டால் குறையாதா? எட்டு செல் வாங்கி, இரண்டிரண்டாகப் பக்க இணைப்பில் போட்டு 12 ஆக்கிவிடலாமா?

*

ஓசூர் பட்டறை
செவ்வாய், இரவு 9.55

குறையாது. ஈய பேட்டரியில் எழுதியிருக்கும் 8 என்பது 20 மணி நேரம் மெதுவாக இறக்கினால் கிடைக்கும் கணக்கு, அதாவது 0.4 ஆம்பியர். உங்கள் பம்ப் 3 முதல் 3.5 ஆம்பியர் வரை இழுக்கும். அந்த வேகத்தில் இறக்கினால் புது பேட்டரியே 8-இல் நான்கில் மூன்று பங்கு கொடுத்தால் அதிகம். எல்எஃப்பி செல்லில் 6 என்றால் இந்த வேகத்திலும் ஏறக்குறைய 6 வரும்.

இப்போது வயலிலிருந்து கணக்குப் போடுங்கள். ஏக்கருக்கு 200 லிட்டர் மருந்துக் கரைசல் என்று வைத்துக்கொள்வோம். பம்ப் நிமிடத்துக்கு 3 லிட்டர் தள்ளினால் ஒரு ஏக்கருக்கு 67 நிமிட ஓட்டம். 3.5 ஆம்பியரில் இது 4 ஆம்பியர் மணிக்குச் சற்றுக் குறைவு. ஒரு 6 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்றரை ஏக்கர் முடித்துவிடும். உங்களிடம் இரண்டு தெளிப்பான், இரண்டரை ஏக்கர். எட்டு செல்லை ஒரே பெட்டியில் திணிப்பதைவிட நான்கு நான்காக இரண்டு பேட்டரி கட்டுங்கள். பக்க இணைப்பே இல்லை என்றால் ஒன்றோடொன்று பொருத்தம் பார்க்கும் தலைவலியில் பாதி போய்விடும். ஒன்று பழுதானாலும் இன்னொன்று வேலை செய்யும்.

வாங்கும்போது திருகு வைத்த 32700 கேளுங்கள். இரு முனையிலும் எம்4 திருகு இருக்கும். ஸ்பாட் வெல்டிங் தேவையில்லை. செல்லின் முனையில் நேரடியாக சால்டர் வைக்காதீர்கள். அந்தச் சூடு உள்ளேயிருக்கும் பிரிப்புத் தாளுக்கும் மூடியின் அடைப்புக்கும் ஆகாது. இணைப்புத் தகட்டைத் திருகில் மாட்டி முறுக்குங்கள், கம்பியைத் தகட்டின் மறுமுனையில் சால்டர் செய்யுங்கள்.

*

பென்னாகரத்தான்
செவ்வாய், இரவு 10.20

32700-இலும் ஏமாற்று உண்டு. பழைய பேட்டரியிலிருந்து பிடுங்கிய செல்லுக்குப் புது உறை போட்டு விற்கிறார்கள். திருகு இல்லாத வகை என்றால் நேர்முனையின் வெள்ளை வளையத்தைத் தூக்கிப் பாருங்கள். ஊசியால் குத்தியது போல இரண்டிரண்டாகப் புள்ளிகள் தெரிந்தால் முன்பே நிக்கல் பட்டை வைத்து வெல்டிங் செய்து பிய்த்தது. அந்தப் புள்ளியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தும் அனுப்புகிறார்கள். அப்போது முனையின் பளபளப்பு ஒரே சீராக இருக்காது.

வந்ததும் ஒவ்வொரு செல்லின் அழுத்தத்தையும் குறித்துவையுங்கள். ஒரே பெட்டியில் வந்த புதுச் செல்களுக்கிடையே வித்தியாசம் மூன்றாவது தசமத்தில்தான் இருக்க வேண்டும். ஒன்று 3.29, ஒன்று 3.11 என்று வந்தால் அவை ஒரு தாய் பிள்ளைகள் அல்ல.

*

காரிமங்கலம் தென்னந்தோப்பு
புதன், காலை 7.05

இவ்வளவு பாடு எதற்கு என்றுதான் எனக்குப் படுகிறது. ஈய பேட்டரி ஒரு பருவத்தில் போவதற்குக் காரணம் பேட்டரி அல்ல, நாம். மருந்தடித்து முடித்ததும் தெளிப்பானைக் கழுவிக் கொட்டகையில் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த மாதம்தான் எடுக்கிறோம். காலியாகக் கிடக்கும் ஈய பேட்டரியில் சல்பேட் படிந்து செத்துப்போகிறது. வந்த அன்றே சார்ஜ் போட்டு வைத்தால் என்னுடையது இரண்டு, மூன்று வருடம் வருகிறது. பழுதானால் தர்மபுரி பஸ் நிலையம் பக்கத்தில் எந்தக் கடையிலும் மாற்றலாம். நீங்கள் கட்டும் பேட்டரி பழுதானால் யாரிடம் போவீர்கள்?

*

ஊத்தங்கரை இயற்பியல் ஆசிரியை
புதன், மாலை 6.10

தோப்புக்கார ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. இருக்கிற ஈய பேட்டரி உயிரோடு இருந்தால் அதை ஒழுங்காகச் சார்ஜ் செய்து ஓட்டுவதுதான் சிக்கனம். ஆனால் எப்படியும் புதிது வாங்கப்போகிறார் என்றால் கணக்கு மாறுகிறது. எல்எஃப்பியைப் பாதி சார்ஜில் போட்டு வைத்தால் மாதக்கணக்கில் அசையாது. ஈயத்தைப் போல எப்போதும் முழுதாக வைத்திருக்க வேண்டிய கட்டாயம் இதற்கு இல்லை. சொல்லப்போனால் நிரம்பிய நிலையில் வெயிலில் வைப்பதுதான் இதற்குக் கெடுதல். ஆயுளும் நல்ல செல்லுக்கு 2000 முறை ஏற்றி இறக்கும் சுற்றுக்கு மேல் என்று தயாரிப்பாளர்கள் கொடுக்கிறார்கள். தெளிப்பானில் அவ்வளவு சுற்று முடிவதற்குள் டேங்கே உடைந்துவிடும்.

ஒரே நிபந்தனை, சார்ஜர். பழைய சார்ஜரை அப்படியே மாட்டாதீர்கள். மலிவான ஈய சார்ஜர்களில் சிலவற்றின் வெளியீட்டைச் சுமையில்லாமல் அளந்தால் 15 வோல்ட்டுக்கு மேல் காட்டும். நான்கு செல் எல்எஃப்பிக்கு உச்சம் 14.6. அதற்கென்றே 14.6 வோல்ட் சார்ஜர் விற்கிறார்கள், 2 ஆம்பியர் போதும். பிஎம்எஸ் (செல்களைக் கண்காணித்துக் காக்கும் மின்சுற்றுப் பலகை) இருக்கிறதே, அது துண்டித்துவிடுமே என்று சிலர் சொல்வார்கள். பிஎம்எஸ் கடைசிக் காவல். தினமும் அதை மோதவிட்டுச் சார்ஜை நிறுத்துவது முறையல்ல.

இன்னொன்று, தெளிப்பானில் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு வைத்த அளவி இருந்தால் இனி அதை நம்பாதீர்கள். எல்எஃப்பியின் அழுத்தம் கடைசி வரை அசையாததால் பச்சை எரிந்துகொண்டே இருக்கும், திடீரென்று பம்ப் நின்றுவிடும். டேங்க் எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொள்வதுதான் வழி.

*

அஞ்செட்டி மலைக்காரன்
புதன், இரவு 11.30

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் பக்கம் ராகி கதிர் விட்டால் யானை, பன்றிக்கு இரவெல்லாம் பரணில் காவல். தலையில் கட்டும் விளக்குக்கு ஒற்றை 18650 போடுகிறோம். அதற்கும் எல்எஃப்பிதானா?

*

ஓசூர் பட்டறை
வியாழன், காலை 8.15

இல்லை தம்பி. உங்கள் விளக்கு 3.7 வோல்ட் செல்லுக்குச் செய்தது, 3.2 போட்டால் மங்கும். அசல் 3400, 3500 எம்ஏஎச் 18650 வாங்குங்கள். விளக்குக்கு மின்னோட்டம் குறைவு, அதனால் கொள்ளளவு அதிகமுள்ள வகை பொருந்தும். டிரில்லிங் மெஷினுக்கென்று விற்கும் 2500 எம்ஏஎச், 20 ஆம்பியர் வகை உங்களுக்கு வீண்செலவு. அந்த வலிமையை விளக்கு கேட்கவே கேட்காது. இரண்டு செல்லை மாற்றி மாற்றிப் போடுங்கள். உதிரி செல்லைச் சட்டைப் பையில் சில்லறையோடும் சாவியோடும் வைக்காதீர்கள், ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள்.

*

பாலக்கோட்டு விவசாயி
ஞாயிறு, இரவு 7.50

செல் எட்டும் வந்துவிட்டன, திருகு வைத்தது. தராசில் எல்லாம் 140-ஐ ஒட்டியே இருக்கின்றன. அழுத்தம் எல்லாவற்றிலும் 3.28. மச்சான் ஓசூரில் வேலை செய்கிறார், விடுமுறைக்கு வந்தபோது இருவரும் சேர்ந்து கட்டினோம். நான்கு செல்லும் இரண்டுக்கு இரண்டாக நின்றால் 65 மில்லிமீட்டர் சதுரம்தான் ஆகிறது. ஈய பேட்டரியின் நீளம் 150. மிச்ச இடத்தில் ஆடாமல் இருக்கப் பழைய ரப்பர் செருப்பின் அடியை வெட்டிச் செருகினோம். நேர்முனைக் கம்பியில் 10 ஆம்பியர் ஃபியூஸ் போட்டாயிற்று. பிஎம்எஸ் 4 செல், 20 ஆம்பியர்.

சந்தேகம் ஒன்று. ஊரில் நாலைந்து பேர் பார்த்துவிட்டு எனக்கும் கட்டிக்கொடு என்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு செய்யலாமா?

*

ஊத்தங்கரை இயற்பியல் ஆசிரியை
ஞாயிறு, இரவு 8.35

பக்கத்து வீட்டுக்காரர் தன் பேட்டரியைத் தானே கட்டும்போது நீங்கள் கூட இருந்து சொல்லிக்கொடுப்பது வேறு, விற்பது வேறு. லித்தியம் செல்லும் பேட்டரியும் விற்பனைக்கு வர வேண்டுமென்றால் ஐஎஸ் 16046 தரத்தின்படி சோதித்து பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு பெற வேண்டும். அந்தச் செலவு பட்டறைக்கே பெரிது. பணம் வாங்காதீர்கள்.

பிஎம்எஸ்ஸைப் பெட்டியின் அடியில் வைத்தீர்களா, மேலேயா? டேங்கின் வாஷர் கசிந்தால் மருந்து முதலில் அடியில்தான் தேங்கும். மேலே ஏற்றி, செல்களுக்கு மேல் காப்புத் தாள் வைத்து ஒட்டுங்கள். பெட்டியின் அடியில் ஒரு சிறு துளையும் வேண்டும், வந்த ஈரம் வெளியே போக.

*

ஓசூர் பட்டறை
ஞாயிறு, இரவு 9.20

வயலுக்கு எடுத்துப் போகும் முன் வீட்டில் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். வண்டியின் பிரேக் விளக்குப் பல்பு, 12 வோல்ட் 21 வாட், இரண்டைப் பக்கமாக இணைத்தால் 3.5 ஆம்பியர் சுமை. உங்கள் பம்ப் இழுக்கும் அளவுதான். முழுதாக ஏற்றிவிட்டு எரியவிட்டு, அணையும் நேரத்தைக் குறியுங்கள். 6 ஆம்பியர் மணி உண்மை என்றால் நூறு நிமிடத்தை ஒட்டி வர வேண்டும். பல்பு நன்றாகச் சுடும், ஓட்டின் மேல் வையுங்கள்.

*

பாலக்கோட்டு விவசாயி
செவ்வாய், இரவு 8.05

முதல் பேட்டரி 1 மணி 36 நிமிடம் எரிந்தது. இரண்டாவது 1 மணி 4 நிமிடத்தில் அணைந்துவிட்டது. அணையும் நேரத்தில் அளந்தபோது மூன்று செல் 3.15-க்கு மேல் நின்றன, ஒன்று மட்டும் 2.5. எடையும் அழுத்தமும் சரியாக இருந்த செல் எப்படி இப்படி ஆகும்? பிஎம்எஸ் சமன் செய்துவிடும் என்று மச்சான் சொல்கிறார்.

*

ஓசூர் பட்டறை
செவ்வாய், இரவு 8.50

இரண்டு காரணம் இருக்கலாம். அந்தச் செல் மற்றவற்றைவிடக் குறைவாக ஏறியிருக்கலாம். அல்லது அதன் கொள்ளளவே குறைவாக இருக்கலாம். மறுபடி சார்ஜ் போடுங்கள், கடைசிக் கட்டத்தில் நான்கையும் அளந்துகொண்டே இருங்கள். இறக்கும்போது முதலில் காலியான அதே செல், ஏறும்போது கடைசியாக 3.65-ஐத் தொட்டால் அது பின்தங்கி நிற்கிறது, அவ்வளவுதான். அதை மட்டும் தனியாக 3.65 வரை ஏற்றினால் சரியாகிவிடும். இறங்கும்போதும் முதலில், ஏறும்போதும் முதலில் என்றால் பாத்திரமே சின்னது. அதை எந்த பிஎம்எஸ்ஸும் பெரிதாக்காது.

முதல் காரணமாக இருந்தாலும் பிஎம்எஸ்ஸை நம்பிக் காத்திருக்க வேண்டாம். மலிவான பிஎம்எஸ் சமன் செய்யும் மின்னோட்டம் 50 மில்லி ஆம்பியரை ஒட்டித்தான் இருக்கும். 2 ஆம்பியர் மணி வித்தியாசத்தைத் தீர்க்க அதற்கு 40 மணி நேரம் வேண்டும், அதுவும் சார்ஜின் உச்சியில் மட்டுமே வேலை செய்யும்.

*

பாலக்கோட்டு விவசாயி
புதன், இரவு 9.40

ஏறும்போதும் அதுதான் முதலில் 3.65-ஐத் தொட்டது. மற்றவை 3.4-இலேயே நின்றன, பிஎம்எஸ் துண்டித்துவிட்டது. பல்பு எரிந்த காணொளியையும் அளவுகளையும் விற்றவருக்கு அனுப்பினேன். ஒரு செல் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எட்டில் மிச்சமிருக்கும் மூன்றோடு வேறு தொகுதிச் செல் ஒன்றைச் சேர்க்கலாமா?

*

பென்னாகரத்தான்
புதன், இரவு 10.05

சேர்க்கலாம், ஆனால் அவர் அனுப்புவதைத் தனியாக இறக்கிப் பார்த்த பிறகு. ஒரு ஓம், 20 வாட் மின்தடை வாங்கிக்கொள்ளுங்கள். ஒற்றை செல்லுக்கு அதுவே 3 ஆம்பியர் சுமை. 2.5 வோல்ட் தொட்டதும் கழற்றிவிடுங்கள், ஒற்றைச் செல்லைக் காக்க அங்கே பிஎம்எஸ் இல்லை. மற்ற மூன்றையும் அதே மின்தடையில் அளந்து, நேரம் ஒத்துவந்தால் போடுங்கள். அதுவரை ஒரு தெளிப்பான் ஓடட்டும். பழுதான செல்லைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், முனைகளில் டேப் ஒட்டி அவருக்கே திருப்பி அனுப்புங்கள்.